சொல் திறக்கும் வழி

பணியிடத்தில் ஒரு சிக்கல் நெடுநாள் தீராமல் இருப்பதற்கு அறிவுக் குறைபாடு மட்டுமே காரணமன்று. சிந்தனை பழகிய தடத்திலேயே செல்வதும் காரணமாகும். இங்கிலாந்து அறிஞர் பிரான்சிஸ் கால்டன் இதைத் தம்மையே சோதித்து அறிந்தார். அவர் 75 சொற்களை எழுதிவைத்து, ஒவ்வொன்றையும் கண்டவுடன் மனத்தில் தோன்றுவனவற்றைக் குறித்துக்கொண்டார். இச்சோதனையை வெவ்வேறு வேளைகளில் நான்கு முறை செய்தார். ஒரே எண்ணங்கள் திரும்பத் திரும்ப வந்தமை அவரை வியப்பில் ஆழ்த்தியது. அம்முடிவுகளை 1879ஆம் ஆண்டு வெளியிட்டார்.

ஒரு சொல் மற்றொன்றை நினைவுக்குக் கொண்டுவருவதே சொல் தொடர்பு. ‘மழை’ என்றதும் ‘குடை’ தோன்றுவது இயல்பு. அதில் புதுமை இல்லை. தொலைவில் உள்ள கருத்துகளை இணைத்துப் பயன்தரும் புதிய சேர்க்கையை உருவாக்குவதே படைப்பாற்றல் என அமெரிக்க உளவியலாளர் சார்னாஃப் மெட்னிக் 1962இல் விளக்கினார். அத்தகைய தொலைவை எட்டுவதற்கு, மால்டாவில் பிறந்த எட்வர்டு டி போனோ எளிய வழியொன்றைப் பரப்பினார். சிக்கலோடு தொடர்பற்ற ஒரு சொல்லைத் தற்செயலாக எடுத்து, அதிலிருந்து சிக்கலை நோக்கி வருதலே அவ்வழி.

மருத்துவமனை ஒன்றில் புறநோயாளிகள் காலையில் நீண்ட வரிசையில் காத்திருப்பதாகக் கொள்வோம். ‘பணியாளரைக் கூட்டுதல்’ என்பதே அனைவர்க்கும் முதலில் தோன்றும் தீர்வு. அகராதியைப் பிரித்தபோது ‘ஆறு’ என்னும் சொல் கிடைக்கிறது. ஆறு அணையையும், மதகையும், வாய்க்காலையும், கடைமடையையும் நினைவூட்டுகிறது. மதகு நீரை அளந்து விடுகிறது. நேரம் குறித்த சீட்டு வழங்கினால் கூட்டமும் அளவோடு வரும். வாய்க்கால் நீரைப் பிரிக்கிறது; மாத மருந்து மட்டும் பெற வருவோர்க்குத் தனி வரிசை அமைக்கலாம். கடைமடைக்கு நீர் தாமதமாகவே சேர்கிறது. தொலைவிலிருந்து பேருந்தில் வரும் முதியோர்க்குச் சில சீட்டுகளை ஒதுக்கி வைக்கலாம். பணியாளர் எண்ணிக்கையை மட்டுமே எண்ணியிருந்தால் இவர்கள் நினைவுக்கே வந்திருக்கமாட்டார்கள்.

இம்முறைக்குச் சில நெறிகள் உண்டு. கிடைத்த சொல் பொருந்தவில்லை எனக் கருதி உடனே மாற்றுதல் கூடாது. மாற்றினால் மனம் பழகிய சொல்லையே தேடிச்செல்லும். ஒவ்வொருவரும் தனித்து எழுதிய பின்னரே குழுவில் பகிர்தல் நன்று. இல்லையேல் முதலில் பேசுபவரின் எண்ணமே பிறரையும் இழுத்துச்செல்லும். எண்ணங்கள் பிறக்கும் வேளையில் அவற்றைக் குறைகூறுதலும் தகாது.

எனினும், சொல் தருவது வித்து மட்டுமே. அது விளையுமா என்பதை வரிசையில் நிற்பவரிடமும் சீட்டு வழங்குபவரிடமும் கேட்டு, சிறிய அளவில் செய்து பார்த்தே அறிதல் வேண்டும்.