அன்பு மிஞ்சிய முற்றம்: கைவிடப்பட்ட நாய்களுக்குக் கைகொடுப்போர்

தருமபுத்திரர் தம் இறுதி யாத்திரையில் ஒரு நாயுடன் நடந்தார். வாயிலில் நின்ற இந்திரன் நாயை விட்டுவிட்டு வரும்படி சொன்னபோது, நம்பி வந்த பிராணியைக் கைவிட்டுப் பெறும் சுவர்க்கம் எனக்கு வேண்டாம் என்று அவர் மறுத்துவிட்டார். இக்கதையை நம் வீட்டுப் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கதையில் வரும் நாய் ஒன்றே ஒன்று. ஊரார் அனைவரும் தத்தம் நாய்களை அவர் பின்னே விட்டுவிட்டுச் சென்றிருந்தால் அவர் நிலை என்னவாகியிருக்கும்? இக்கேள்வி விளையாட்டாகத் தோன்றலாம். ஆயினும், நாடெங்கும் இரக்க நெஞ்சம் படைத்த சிலர் இக்கேள்வியினுள் சிக்கியே வாழ்ந்து வருகின்றனர்.

மாத்தளை மாவட்டத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ளது லக்கல. 2018-ஆம் ஆண்டு ஜூலை மாதம் களு கங்கை நீர்த்தேக்கத்தில் நீர் நிரப்பத் தொடங்கினர். பழைய நகரம் நீருக்கடியில் மறைந்தது. 2019 ஜனவரியில் மேட்டு நிலத்தில் புதிய லக்கல நகரம் திறந்து வைக்கப்பட்டது. ஓர் ஊர் இவ்வாறு இடம்பெயரும்போது வீடும் வயலும் பயன்தரு மரங்களும் கணக்கில் எழுதப்படுகின்றன. முற்றத்தில் படுத்திருக்கும் நாயைக் கணக்கெழுதுவார் யார்? அணைக்கட்டுக்காகப் பெயர்ந்த ஊர்களுக்கு மட்டும் உரிய கேள்வியன்று இது. 1995-இல் வலிகாமத்து மக்கள் கையில் கிடைத்ததைச் சுமந்து வெளியேறியபோதும், எத்தனையோ வீட்டு வாயில்களில் நாய்கள் எஜமானரை எதிர்பார்த்துக் காத்துக் கிடந்தன. வேலை மாற்றம், வாடகை வீடு, வெளிநாட்டுப் பயணம் என்று குடும்பங்கள் தனித்தனியே பெயரும் அமைதிக் காலத்திலும் நாய் பின்தங்கியே நிற்கிறது.

வேலியோரத்துப் பெட்டிகள்

பின்தங்கிய நாய் எங்கே போகிறது? சந்தைக்கும் கோயில் வீதிக்கும் விகாரை வளவுக்கும் போகிறது. அல்லது, "அந்த அம்மா நாய் வளர்ப்பவர், சோறு போடுவார்" என்று பெயர் பெற்ற ஒருவரின் வேலியோரத்தில் இரவோடிரவாக விடப்படுகிறது. அட்டைப் பெட்டியில் கண் திறவாத நான்கு குட்டிகள் இருக்கும். அவை பெரும்பாலும் பெண் குட்டிகளாகவே இருக்கும். ஆண் குட்டிக்கு வீடு கிடைத்துவிடும். பெண் குட்டியையோ, அது ஈனுமே என்று அஞ்சி எவரும் ஏற்பதில்லை.

தெரு நாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கத்தை இலங்கை அரசாங்கம் 2006-இல் நிறுத்தியது. அது ஜீவகாருண்யம் மிக்க முடிவு என்பதில் ஐயமில்லை. ஆயினும், பிறப்பைக் கட்டுப்படுத்தும் கடமையை ஊர் ஏற்காத இடங்களில் அக்கருணையின் பாரமெல்லாம் ஒருசிலர் தலையிலேயே விழுந்தது. நாயின் கர்ப்ப காலம் ஏறக்குறைய 63 நாட்களே. ஆண்டுக்கு இருமுறை ஈனக்கூடிய தாய்க்கு ஓர் ஈற்றில் ஐந்தாறு குட்டிகள் பிறத்தல் சாதாரணம். அக்குட்டிகளும் ஓராண்டு நிறையுமுன்னரே தாயாகிவிடக்கூடும். இரண்டு நாய்களுடன் தொடங்கிய முற்றத்தில் மூன்றாம் ஆண்டில் முப்பது நாய்கள் நிற்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

அன்பே நோயாகும் விதம்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் முதுமொழி இங்கே சொல்லுக்குச் சொல் உண்மையாகிறது. தம்மால் பேண இயலாத எண்ணிக்கையில் பிராணிகளைச் சேர்த்துக்கொண்டே போவது ஒரு மனநிலைக் கோளாறாகலாம் என்பதை அறிஞர்கள் ஆராய்ந்துள்ளனர். அமெரிக்க மிருக வைத்திய ஆராய்ச்சியாளர் கேரி பேட்ரோனெக் 1999-இல் வெளியிட்ட ஆய்வொன்றில் இத்தகைய 54 நிகழ்ச்சிகளைப் பரிசீலித்தார். ஒரு வீட்டில் இருந்த பிராணிகளின் இடைநிலை எண்ணிக்கை 39. அவற்றைச் சேர்த்தவர்களில் நால்வருக்கு மூவர் பெண்டிர். ஏறத்தாழப் பாதிப்பேர் 60 வயதை எட்டியோர் அல்லது கடந்தோர். ஐந்தில் நான்கு வீடுகளில் இறந்த பிராணிகளோ மிக மோசமான நிலையிலிருந்த பிராணிகளோ காணப்பட்டன. 2013-இல் அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் பொருட்களை ஓயாது சேர்க்கும் நோயைத் தனி நோயாக வகுத்தபோது, பிராணிகளைச் சேர்த்தலையும் அதனோடு சேர்த்தே குறிப்பிட்டது.

இவர்கள் எல்லோரும் ஒரு வகையினர் அல்லர். தம் பலன் கருதிப் பிராணிகளை வைத்துக்கொண்டு வருத்துவோர் ஒரு சாரார். "என்னையன்றி இவற்றைக் காப்பார் இல்லை" என்ற எண்ணம் முற்றி, எதையும் எவருக்கும் கொடுக்க மறுப்போர் மற்றொரு சாரார். மூன்றாம் சாராரே நம் அனுதாபத்துக்கு மிகவும் உரியவர்கள். நன்றாகவே பேணி வந்து, கணவர் மறைவாலோ நோயாலோ பொருள் முடையாலோ திடீரென்று கைதளர்ந்து போனவர்கள் இவர்கள்.

அத்தகைய வீட்டின் நிலையைச் சிறிது எண்ணிப் பாருங்கள். சிறுநீரிலிருந்து எழும் அமோனியா வாயு கண்ணையும் சுவாசப்பையையும் எரிக்கும். சொறியும் உண்ணியும் ஒன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் பரவும். வலியது உண்ணும், மெலியது பார்த்துக்கொண்டிருக்கும். இவற்றுக்கு நடுவே வாழும் அம்மையாரோ தாமும் அரைவயிறு உண்டு, கடைசிப் பிடி சோற்றையும் பங்கிட்டுக் கொண்டிருப்பார். நாள்தோறும் சிறுகச் சிறுக வந்த சீர்கேடாகையால் அது அவர் கண்ணில் படுவதில்லை.

தொண்டர்களின் பணி

இப்படிப்பட்ட வீட்டில் காலடி வைக்கும் தொண்டர்களின் முதல் வேலை நாயைத் தூக்குவதன்று, மனிதரோடு பேசுவது. அதட்டினால் கதவு அடைபடும். உள்ளிருக்கும் பிராணிகளுக்கு அதுவே முடிவாகும். ஆகவே, அனுபவமிக்கோர் குற்றஞ்சாட்டாது, "உங்கள் பாரத்தில் கொஞ்சம் எங்களிடம் தாருங்கள்" என்றே தொடங்குகின்றனர். முதல் நாள் இரண்டு குட்டிகள். மறுவாரம் ஒரு நோயாளி நாய். நம்பிக்கை பிறந்தபின் எஞ்சியவற்றுக்கு வழி திறக்கிறது.

அதன்பின் ஒழுங்கு முறையான வேலை நடைபெறுகிறது. ஒவ்வொரு நாய்க்கும் இலக்கமிட்டுப் புகைப்படம் எடுக்கின்றனர். ஆண்களையும் பெண்களையும் உடனே பிரிக்கின்றனர். இன்றேல் மீட்பு நடக்கும்போதே அடுத்த ஈற்றுக்கு வித்து விழுந்துவிடும். பட்டினியால் ஒட்டிப்போன நாய்க்கு இரக்கத்தால் வயிறு நிறைய உணவிடுவது உயிருக்கே ஆபத்தாகலாம். ஆதலால் மிருக வைத்தியர் சொற்படி, சிறிது சிறிதாகப் பலமுறை ஊட்டுகின்றனர். பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற தொற்றுநோய்கள் மறைந்திருக்கக்கூடும் என்பதால், மற்ற நாய்களோடு கலக்கவிடாமல் சில காலம் புறம்பாக வைக்கின்றனர். விசர்நாய்த் தடுப்பூசியும் கருத்தடையும் முடிந்த பின்னரே புதிய வீடு தேடும் படலம் ஆரம்பமாகிறது.

இத்தனைக்கும் பின் பழைய வீட்டை மறந்துவிட்டால் உழைப்பெல்லாம் விழலுக்கிறைத்த நீராகும். முற்றத்தை வெறுமையாக்கி, அங்கிருந்த மூதாட்டியைத் தனிமையில் விட்டுவந்தால் அவர் மீண்டும் சேர்க்கத் தொடங்குவதே பெரும்பாலும் நிகழ்வது. கருத்தடை செய்த இரண்டொரு நாய்களை அவரிடமே விட்டு, மாதந்தோறும் போய்ப் பார்த்து, வேண்டுமாயின் மனநல வைத்தியரிடமும் அழைத்துச் செல்வதே நிலையான பரிகாரம். நாய்களை மீட்பவர் மனிதரையும் மீட்க வேண்டியவராகிறார்.

சட்டம் தாமதித்தால்

பேச்சால் தீராத இடத்தில் சட்டம் வேண்டும். அச்சட்டமும் விரைந்து நடக்க வேண்டும். 1993-இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், பழைய பாடசாலை பஸ் ஒன்றினுள் 115 நாய்களை ஒரு பெண்மணி அடைத்து வைத்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. நாய்கள் வழக்கின் சாட்சியப் பொருள்களாகிவிட்டமையால், வழக்கு முடியும்வரை அவற்றைப் புதிய வீடுகளுக்குக் கொடுக்க முடியவில்லை. அதைக் கண்டு அம்மாநிலம் 1995-இல் சட்டத்தைத் திருத்தி, தீர்ப்புக்கு முன்பே பிராணிகளுக்கு வீடு தேட வழிசெய்தது. வட கரோலினா மாநிலத்திலோ, பிராணி வதையைத் தடுக்க எவரும் சிவில் நீதிமன்றத்தை நாடலாம். அவ்வுரிமையைக் கொண்டு 2005-இல் ஒரு தொண்டு நிறுவனம் 300-க்கும் மேற்பட்ட நாய்களின் பொறுப்பைப் பெற்றது.

நம் நாட்டில் 1907-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டம் விதித்த உச்சத் தண்டப்பணம் 100 ரூபா. அக்காலத்தில் அது பெருந்தொகை. பிற்காலத்தில் ஒருவேளைச் சாப்பாட்டுக்கும் போதாததாயிற்று. 2006-இல் சட்ட ஆணைக்குழு புதிய பிராணிகள் நலச் சட்டமூலம் ஒன்றை வரைந்தது. அது ஆண்டுக்கணக்கில் வரைவாகவே கிடந்தது.

புது வீட்டுக்கு வரும் நாய்

நெரிசலிலிருந்து மீண்ட நாய்களைச் சாதாரண வளர்ப்பு நாய்களோடு ஒப்பிட்டு 2016-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மீண்டவை அதிகம் அஞ்சின, தொட்டால் கூசின, ஆயினும் மனிதரிடம் மிகுந்த பற்றும் காட்டின. பிறரைத் தாக்கும் குணம் அவற்றில் குறைவாகவே இருந்தது. இல்லத்தரசியர் இதை மனத்திற் கொள்வாராக. இத்தகைய நாயை ஏற்றால் முதற் சில நாட்கள் அதனை அழைக்கவும் தூக்கவும் முயல வேண்டாம். ஒதுக்குப்புறமான ஒரு மூலையில் பழந்துணி விரித்து, ஒரே நேரத்தில், ஒரே பாத்திரத்தில் உணவு வைத்தால் போதும். பிள்ளைகள் அருகில் இருந்து மெல்லப் பேசலாம்; உண்ணும்போது தொடலாகாது. கதவு தட்டும் ஓசையும் அம்மி அரைக்கும் ஓசையும்கூட அதற்குப் புதியவை. பலநாள் பொறுத்தபின் ஒருநாள் தானாகவே வந்து காலடியில் படுக்கும். அந்நாளின் மகிழ்ச்சியை ஏற்றவரே அறிவர்.

குடம் நிரம்புமுன்

எத்தனை நாய்களை மீட்டாலும் வேலியோரத்துப் பெட்டிகள் நிற்காவிடில் பயனில்லை. சென்னையில் 1959-இல் கேப்டன் சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் நிறுவனம் இதை முன்னரே உணர்ந்து, 1964-இல் தெரு நாய்களுக்குக் கருத்தடை செய்யும் திட்டத்தை ஆரம்பித்தது. சென்னை மாநகராட்சி 1996-இல்தான் அவ்வழியைத் தானும் மேற்கொண்டது. இலங்கையில் 1973-இல் 377 பேரைப் பலிகொண்ட விசர்நாய்க்கடி நோய், நாய்களுக்குத் தடுப்பூசி போடும் பணி பெருகப் பெருகப் பெரிதும் தணிந்தது. ஊசியால் ஒரு நோயை இவ்வளவு அடக்க முடிந்த நாட்டில், கருத்தடையால் கைவிடப்படும் குட்டிகளைக் குறைப்பது எட்டாக் கனியன்று.

நம் அயலில் ஒரு வீட்டில் நாய்கள் பெருகுவதைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துவிடாதீர்கள். பத்து நாய்கள் இருக்கும்போது கேட்கும் ஒரு வார்த்தை, நாற்பதாகும்போது கொடுக்கும் ஒரு புகாரைவிட மேலானது. ஒரு பெண் நாயை மிருக வைத்தியரிடம் அழைத்துச் செல்ல ஒருவர் வண்டி கொடுக்கலாம். மற்றொருவர் கருத்தடைச் செலவை ஏற்கலாம். இன்னொருவர் ஒரு குட்டியை எடுத்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நம் வீட்டு நாய் ஈன்ற குட்டிகளைப் பிறர் வாயிலில் விடாதிருக்கலாம். அவ்வாறு விடுகிறவர் தம்மைக் கொடியவராகக் கருதுவதில்லை. நல்ல இடத்தில் விட்டுவந்தோம் என்றே நிம்மதியடைகிறார். அந்த நல்ல இடத்தில் இருப்பவரும் இரண்டே கைகள் உடைய மனிதர் என்பதை நாம் மறவாதிருந்தால், அவர் முற்றம் என்றும் நாய்களுக்குச் சிறையாக மாறாது.