கீழாநெல்லி குடித்தால் ஹெபடைடிஸ் பி போய்விடுமா?

மழை பெய்தால் வேடசந்தூர் பக்கம் வரப்போரம் தானாக முளைக்கும் செடி கீழாநெல்லி. யாருக்காவது கண் மஞ்சளானால், "மோர்ல அரைச்சுக் குடி, சரியாயிடும்" என்பார்கள். பலருக்குச் சரியாகவும் ஆகிறது. அப்புறம் எதற்கு ரத்தப் பரிசோதனை?

மஞ்சள் காமாலை ஓர் அறிகுறி மட்டுமே. அசுத்தமான தண்ணீர், உணவு வழியே வரும் ஹெபடைடிஸ் ஏ, ஈ பெரும்பாலும் தானாகவே குணமாகிவிடும். ஹெபடைடிஸ் பி வேறு ரகம்.

எப்படிப் பரவும்?

ரத்தம், பாதுகாப்பற்ற உடலுறவு, சுத்தமில்லாத ஊசி மூலம் பரவும். பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் வரும். சேர்ந்து சாப்பிடுவதாலோ கைகுலுக்குவதாலோ பரவாது.

பெரியவர்களில் பெரும்பாலானோரின் உடல் வைரஸை விரட்டிவிடும். பச்சிளம் குழந்தைகளுக்குத் தொற்றினால், சுமார் 90 சதவீதம் பேருக்கு நாள்பட்ட நோயாகத் தங்கிவிடுகிறது. பல வருஷம் அறிகுறியே இருக்காது. பிறகு கல்லீரல் சுருக்கம், புற்றுநோய் வரை போகலாம்.

கீழாநெல்லி ஆய்வு என்ன ஆனது?

1988இல் சென்னையைச் சேர்ந்த எஸ்.பி.தியாகராஜன் குழுவின் ஆய்வு 'லான்செட்' இதழில் வந்தது. 30 நாள் கீழாநெல்லி சாப்பிட்டவர்களில் 59 சதவீதம் பேரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது என்றது அது. இந்த வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும் அதில் பங்கேற்றிருந்தார். ஆனால், பிறகு மற்றவர்கள் நடத்திய சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. மஞ்சள் மறைந்தால் வைரஸும் போய்விட்டது என்று அர்த்தமில்லை.

என்ன செய்யலாம்?

'ஹெச்பிஎஸ்ஏஜி' என்ற ரத்தப் பரிசோதனை எடுங்கள். பாசிட்டிவ் என்றால் பயப்பட வேண்டாம். எல்லோருக்கும் உடனே மாத்திரை தேவைப்படாது. தேவைப்படுவோருக்கு டெனோஃபோவிர், என்டகாவிர் மாத்திரைகள் வைரஸை அடக்கி வைக்கும். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் பரிசோதனையும் மருந்தும் இலவசம். அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள்.

நெகட்டிவ் என்றால் தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். குழந்தைகளுக்கான இலவசத் தடுப்பூசி நாடு முழுவதும் விரிந்தது 2011இல்தான். இன்று வேலைக்குப் போகும் பலர் போட்டிருக்க மாட்டார்கள். பெரியவர்களுக்கு வழக்கமாக ஆறு மாதத்தில் மூன்று டோஸ். பிறக்கும் குழந்தைக்கு முதல் டோஸ் 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். கர்ப்பிணிகள் முதல் செக்கப்பிலேயே இந்தப் பரிசோதனையையும் கேட்டு எடுத்துக்கொள்ளலாம்.