எச்சரிக்கை ரிலேயின் அமைப்பு: ஆபத்து, உரிமை, தீர்வு

தொட்டியின் திரவ மட்டம், கொதிகலனின் அழுத்தம், உலையின் வெப்பநிலை, கழிவுநீரின் அமிலத்தன்மை போன்றவற்றை இடைவிடாது அளந்து எண்ணாகக் காட்டும் கருவிகள், சிறிய சாயப்பட்டறை முதல் பெரிய ரசாயன ஆலை வரை பெரும்பாலான தொழிற்கூடங்களின் கட்டுப்பாட்டுப் பலகைகளில் பொருத்தப்பட்டுள்ளன. அக்கருவி எண்ணைக் காட்டுவதோடு நின்றுவிடுவதில்லை; அளவு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டும்போது பம்பை நிறுத்துவது, வால்வை மூடுவது, ஹூட்டரை ஒலிக்கச் செய்வது ஆகிய பணிகளையும் தன்னுள் இருக்கும் ரிலேக்கள் வழியாக அதுவே செய்கிறது. எந்த அளவில், எவ்வளவு தாமதத்துடன், எந்தத் திசையில் ரிலே இயங்க வேண்டும் என்பது கருவியின் மெனுவில் சில பொத்தான்களை அழுத்தி முடிவு செய்யப்படுகிறது. கருவியை நிறுவ வந்த டெக்னீஷியன் ஒருவர் சிறிது நேரத்தில் முடித்துவிடும் இவ்வேலை, பல இடங்களில் எழுத்தில் பதிவு செய்யப்படாமலும், தொட்டியின் அடியில் நின்று வேலை செய்வோருக்குத் தெரிவிக்கப்படாமலும் போய்விடுகிறது. ஆனால் அது உண்மையில் அவர்களின் உயிரைப் பற்றிய முடிவு என்பதையும், அதை அறிந்துகொள்ளவும் கேள்வி கேட்கவும் சட்டம் அவர்களுக்கு இடமளிக்கிறது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ரிலே இயங்கும் முறை

ரிலே என்பது மின்சாரத்தால் இயங்கும் ஒரு சுவிட்ச் ஆகும். அதன் காயிலுக்கு (கம்பிச்சுருளுக்கு) மின்சாரம் கிடைத்தால் உள்ளிருக்கும் கான்டாக்ட் ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு மாறுகிறது. மின்சாரம் நின்றால் பழைய நிலைக்கே திரும்புகிறது. காயிலில் மின்சாரம் இல்லாதபோது திறந்திருக்கும் முனை என்.ஓ. என்றும், மூடியிருக்கும் முனை என்.சி. என்றும் அழைக்கப்படுகின்றன. கருவிக்குள் இருக்கும் ரிலே பொதுவாகச் சில ஆம்பியர்களை மட்டுமே தாங்கக்கூடியது என்பதால், பம்பு மோட்டாரை நேரடியாக அதனுடன் இணைக்காமல், இடையில் அதிக மின்னோட்டத்தைத் தாங்கும் கான்டாக்டர் என்ற சுவிட்சை வைத்து, அதன் காயிலை மட்டும் ரிலேயைக் கொண்டு இயக்குவதே முறையாகும். இவ்விதி மீறப்படும் இடங்களில் கான்டாக்டின் முனைகள் தீப்பொறியால் உருகி ஒட்டிக்கொள்ள, எல்லையைத் தாண்டிவிட்டதாகக் கருவி சரியாகவே காட்டிக்கொண்டிருக்கும்போதும் பம்பு நிற்காமல் ஓடும் நிலை உண்டாகிறது.

எல்லை அளவும் எஞ்சியிருக்கும் நேரமும்

ரிலே இயங்க வேண்டிய அளவு செட்பாயின்ட் எனப்படுகிறது. அதை 90 விழுக்காடு, 95 விழுக்காடு என வழக்கத்தை ஒட்டி வைத்துவிடுவது பரவலாகக் காணப்படும் தவறாகும். எச்சரிக்கை ஒலித்த பின் எத்தனை நிமிடம் மிஞ்சுகிறது என்ற கணக்கிலிருந்தே அந்த அளவு பெறப்பட வேண்டும். 3 மீட்டர் விட்டமும் 5 மீட்டர் உயரமும் கொண்ட ஓர் அமிலத் தொட்டியில், மணிக்கு 30 கன மீட்டர் வீதம் திரவம் ஏற்றப்படுவதாகக் கொண்டால், மட்டம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் உயரும். எச்சரிக்கை 4.5 மீட்டரில் ஒலித்தால் தொட்டி நிரம்பி வழிய 7 நிமிடங்களும், 4.7 மீட்டரில் ஒலித்தால் 4 நிமிடங்களுக்குச் சற்று மேலும் மட்டுமே இருக்கும். ஒரே ஆள் மூன்று இடங்களைக் கவனித்துக்கொள்ளும் இரவு ஷிப்டில், ஹூட்டர் ஒலியைக் கேட்டு, காரணத்தை அறிந்து, படியேறி வால்வை மூட அவருக்கு 6 நிமிடங்கள் ஆகுமென்றால், 4.7 மீட்டரில் வைக்கப்பட்ட எச்சரிக்கை பெயரளவிலான எச்சரிக்கையே ஆகும்.

செட்பாயின்ட்டுடன் மேலும் இரண்டு அமைப்புகள் சேர்கின்றன. ரிலே இயங்கும் அளவுக்கும் விடுபடும் அளவுக்கும் இடையே வைக்கப்படும் இடைவெளி ஹிஸ்டெரிசிஸ் எனப்படுகிறது. 4.5 மீட்டரில் இயங்கிய ரிலே 4.3 மீட்டருக்கு இறங்கிய பின்னரே விடுபடுமாறு அமைத்தால், திரவப் பரப்பின் அலையசைவால் ரிலே நொடிக்கு நொடி துடிப்பதும் கான்டாக்ட் தேய்வதும் தவிர்க்கப்படும். அளவு எல்லையைத் தாண்டிய பிறகும் ரிலே சிறிது நேரம் காத்திருப்பது தாமதம் ஆகும். வீண் எச்சரிக்கைகளைக் குறைக்கச் சில நொடித் தாமதம் உதவும் என்றாலும், ஹூட்டரின் தொல்லையிலிருந்து தப்பிக்க அதை 2 நிமிடமாக உயர்த்தினால், மேற்சொன்ன தொட்டியில் 14 சென்டிமீட்டர் உயரம் எவரும் அறியாமலே நிரம்பிவிடும்.

கம்பி அறுந்தால் என்ன ஆகும்?

அமைப்பின் தரத்தைக் காட்டிக்கொடுப்பது இந்த ஒரு கேள்வியே. தொட்டியில் இருக்கும் சென்சார், அளவைப் பொதுவாக 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையிலான மின்னோட்டமாக அனுப்புகிறது. காலித் தொட்டிக்கு 4, முழுத் தொட்டிக்கு 20 என்ற கணக்கில், 4.5 மீட்டர் மட்டம் 18.4 மில்லி ஆம்பியராகக் கருவியை வந்தடைகிறது. எலி கடித்தோ, அமிலப் புகையில் அரித்தோ கம்பி அறுந்துவிட்டால் மின்னோட்டம் பூஜ்யமாகிறது. அதைத் தனியே அடையாளம் காணுமாறு அமைக்கப்படாத கருவி, மட்டம் மைனஸ் 1.25 மீட்டர் எனக் கணக்கிடுகிறது. அப்போது உயர்மட்ட எச்சரிக்கை வாய் திறக்காது. அதே கருவியின் தாழ்மட்ட ரிலே, தொட்டி காலியாகிவிட்டது என்று கொண்டு நிரப்பும் பம்பை ஓட வைக்கும். அதாவது, ஒரே பழுது ஆபத்தை உண்டாக்கி, அதைத் தெரிவிக்க வேண்டிய குரலையும் அடக்கிவிடுகிறது. இத்தகைய பழுதை உணர்ந்து, ரிலேக்கள் எந்த நிலைக்குச் செல்ல வேண்டும் என்பதைத் தனியே தீர்மானிக்கும் சென்சார் பழுது அமைப்பு பல கருவிகளின் மெனுவில் உண்டு; அது தொடப்படாமலே விடப்படுவதுதான் குறை.

மின்தடைக்கும் ஃபியூஸ் போவதற்கும் இதே கேள்வி பொருந்தும். இயல்பான நிலையில் காயிலில் மின்சாரம் இருக்குமாறும், ஆபத்து வரும்போது அது விடுபடுமாறும் அமைப்பது ஃபெயில்சேஃப் முறை எனப்படுகிறது. இம்முறையில் கருவிக்கு மின்சாரம் நின்றாலும், காயில் எரிந்தாலும், ரிலே ஆபத்து நிலைக்கே செல்வதால் பம்பு நின்றுவிடும். எனினும் மெனுவில் ஃபெயில்சேஃப் என்று தேர்ந்தெடுத்துவிட்டு, கம்பியை அதற்கேற்ற முனைக்கு மாற்றாமல் விட்டால், இயல்பான நேரத்தில் ஹூட்டர் ஓயாமல் அலறி, எல்லை தாண்டும்போது அடங்கிவிடும். அலறலைப் பொறுக்காத யாரோ ஒருவர் கம்பியைக் கழற்றிவிடுவதில் கதை முடியும். ஹூட்டருக்கும் கருவிக்கும் ஒரே மின்வழி இருந்தால் மின்தடையின்போது இரண்டும் சேர்ந்தே அணைந்துவிடும் என்பதால், ஹூட்டருக்குத் தனி மின்வழியோ பேட்டரியோ தேவைப்படுகிறது. உருகி ஒட்டிய கான்டாக்டை ஃபெயில்சேஃப் முறையாலும் கண்டறிய முடியாது. காலமுறைச் சோதனை ஒன்றே அதற்கு வழி.

விபத்துகள் உணர்த்துவது

2005 டிசம்பர் 11 அன்று இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்ட் எண்ணெய்க் கிடங்கில், 912ஆம் எண் தொட்டியில் பெட்ரோல் ஏற்றப்பட்டுக்கொண்டிருந்தபோது, மட்டம் காட்டும் கருவி அதிகாலை 3 மணியளவில் ஒரே அளவில் உறைந்துவிட்டது. தொட்டி உண்மையில் நிரம்பிக்கொண்டே இருக்க, கருவியின் எண்ணைச் சார்ந்த எச்சரிக்கைகள் எவையும் ஒலிக்கவில்லை. இறுதிப் பாதுகாப்பாகத் தனியே பொருத்தப்பட்டிருந்த உயர்மட்ட சுவிட்சும் இயங்கவில்லை. அதன் சோதனை நெம்புகோலை இயங்கு நிலையில் நிறுத்திவைக்க வேண்டிய பூட்டு பொருத்தப்படாததே அதற்குக் காரணம். வழிந்த பெட்ரோலின் ஆவி பரவி, காலை 6 மணிக்குப் பெருவெடிப்பு நிகழ்ந்தது. ஞாயிற்றுக்கிழமை அதிகாலையாக இருந்ததால் உயிரிழப்பு தவிர்க்கப்பட்டாலும், 40க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். பூட்டு எதற்காக என்பது பொருத்தியவர்களுக்கு விளங்காததுதான் அந்த விபத்தின் முக்கியப் படிப்பினை.

1984 டிசம்பர் 2-3 இரவில் நிகழ்ந்த போபால் நச்சுவாயுப் பேரழிவுக்குப் பல காரணங்கள் உண்டு; அவற்றுள் ஒன்று இப்பொருளுக்கு மிக நெருக்கமானது. மீத்தைல் ஐசோசயனேட் தொட்டிகளைக் குளிர்வித்து வந்த குளிரூட்டி அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே நிறுத்தப்பட்டுவிட்டதால், 11 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒலிக்க வேண்டும் என்று வகுக்கப்பட்டிருந்த வெப்பநிலை எச்சரிக்கை, தொட்டி வழக்கமாகவே அதைவிடச் சூடாக இருந்த சூழலில், எச்சரிக்கும் தகுதியை இழந்திருந்தது. இயக்கமுறை மாறும்போது எல்லை அளவைப் பற்றி எழுத்துப்பூர்வமான மறுஆய்வு வேண்டும் என்ற விதி வெறும் காகிதச் சடங்கு அல்ல என்பதற்கு இதைவிட வலுவான சான்று இல்லை.

சட்டம் அளிக்கும் உரிமைகள்

போபாலுக்குப் பின், 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 1987இல் திருத்தப்பட்டு, அபாயகரமான தொழில்முறைகளுக்கெனத் தனி அத்தியாயம் சேர்க்கப்பட்டது. அதன் 41-எச் பிரிவின்படி, உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடி ஆபத்து நேரலாம் என்ற நியாயமான அச்சம் தொழிலாளர்களுக்கு ஏற்பட்டால், அதை நிர்வாகத்திடம் நேரடியாகவோ பாதுகாப்புக் குழுவின் பிரதிநிதிகள் வழியாகவோ தெரிவிக்க முடிந்தது. அதே நேரத்தில் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் தெரிவிக்க முடிந்தது. ஆபத்து உண்மை என்று தெரிந்தால் உடனே சரிசெய்து ஆய்வாளருக்கு அறிக்கை அனுப்புவதும், ஆபத்து இல்லை என்று கருதினால் அவ்விவகாரத்தை ஆய்வாளரின் முடிவுக்கு விடுவதும் நிர்வாகத்தின் கடமையாக இருந்தது. பணியிடப் பாதுகாப்பு தொடர்பான தகவலைப் பெறவும், பயிற்சி பெறவும், பாதுகாப்புக் குறைவு பற்றி ஆய்வாளரிடம் முறையிடவும் 111-ஏ பிரிவு வழிசெய்தது.

இச்சட்டம் உட்பட 13 சட்டங்களை ஒன்றிணைத்த 2020ஆம் ஆண்டின் பணிசார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. தகவல் பெறும் உரிமையும் ஆபத்தைத் தெரிவிக்கும் உரிமையும் அதிலும் இடம்பெற்றுள்ளன. கடமை தவறியதால் உயிரிழப்பு நேர்ந்தால், பொறுப்பானவருக்கு 2 ஆண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையைப் பாதிக்கப்பட்டவருக்கோ அவரது வாரிசுகளுக்கோ இழப்பீடாக வழங்க நீதிமன்றம் உத்தரவிடலாம். பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே செயலிழக்கச் செய்யக் கூடாது என்ற கடமை தொழிலாளருக்கும் உண்டு. ஆகவே, ஹூட்டர் தொல்லை தாங்காமல் ஜம்பர் போட்டு ரிலேயை பைபாஸ் செய்பவர், மேலாளர் வாய்மொழியாகச் சொன்னார் என்பதால் மட்டும் பொறுப்பிலிருந்து விடுபடுவதில்லை. பைபாஸ் தேவைப்பட்டால், யார் அனுமதித்தார், எதுவரை, அதுவரை மாற்றுக் கண்காணிப்பு என்ன என்பவை எழுத்தில் இருப்பதே அனைவருக்கும் பாதுகாப்பு.

செய்ய வேண்டியவை

ஒவ்வொரு ரிலேக்கும் அதன் பணி, செட்பாயின்ட், ஹிஸ்டெரிசிஸ், தாமதம், மின்தடையிலும் சென்சார் பழுதிலும் அது செல்லும் நிலை, கடைசியாகச் சோதித்த நாள் ஆகியவை அடங்கிய ஒரு பதிவுத்தாள் கட்டுப்பாட்டுப் பலகையின் அருகிலேயே இருக்க வேண்டும். மெனுவின் கடவு எண், கருவி பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டபோது இருந்ததாகவே நீடிக்கக் கூடாது. விபத்தைத் தடுக்கும் இறுதி ரிலே, அன்றாடக் கட்டுப்பாட்டுக்குப் பயன்படும் அதே சென்சாரைச் சார்ந்திருக்கக் கூடாது; செயல்முறைத் தொழிற்சாலைகளுக்கான ஐ.இ.சி. 61511 தரநிலையும் பாதுகாப்பு அமைப்பையும் அன்றாடக் கட்டுப்பாட்டையும் பிரித்து வைப்பதையே வலியுறுத்துகிறது. சோதனை என்பது மெனுவில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்துவதோடு முடிவதன்று; கருவிக்கு 18.4 மில்லி ஆம்பியரைச் செலுத்தியும், ஒரு முறை கம்பியைக் கழற்றியும், ஒரு முறை மின்சாரத்தை நிறுத்தியும் பார்த்து, பம்பு உண்மையில் நின்றதா, தொழிலாளி நிற்கும் இடத்தில் ஹூட்டர் கேட்டதா என்பதை உறுதிசெய்வதே முழுச் சோதனை. ஆலை இயங்கும்போது அனுமதியின்றி எவரும் இதைச் செய்யலாகாது.

இவை இல்லாத இடத்தில், தொழிலாளர் முதலில் பாதுகாப்பு அலுவலருக்கோ மேலாளருக்கோ எழுத்தில் தெரிவித்து, நகலில் தேதியிட்ட ஒப்புகை பெற்றுக்கொள்வது நல்லது. தொட்டியின் அடையாளம், எச்சரிக்கை ஒலிக்காத அல்லது பைபாஸ் செய்யப்பட்ட நாளும் நேரமும், அப்போது கருவி காட்டிய எண் ஆகியவை அதில் இருந்தால், புகாரைப் பொத்தாம்பொதுவானது என்று ஒதுக்குவது கடினமாகும். பதில் இல்லையென்றாலோ, ஆபத்து உடனடியானது என்றாலோ, தமிழ்நாட்டில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அளவிலான இணை இயக்குநர் அல்லது துணை இயக்குநர் அலுவலகத்தை அணுகலாம். ஒப்பந்தத் தொழிலாளர்களும் இவ்வாறு முறையிடலாம்.

விபத்து நேர்ந்துவிட்டால், தொழிலாளர் அரசு காப்பீட்டுத் (இ.எஸ்.ஐ.) திட்டத்தில் பதிவு பெற்றவருக்கு வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே பணிக்காய உதவித்தொகை உண்டு; உயிரிழந்தால் அவரைச் சார்ந்தோர் அதைப் பெறுவர். அத்திட்டத்திற்குள் வராதவர்கள் வேலையளிப்பவரிடமிருந்து தொழிலாளர் இழப்பீட்டைக் கோரலாம்; அதற்கான மனுவைப் பொதுவாக 2 ஆண்டுகளுக்குள் அளிக்க வேண்டும். விபத்து நடந்தவுடன் கருவியின் அமைப்புகளை எவரும் மாற்றுவதற்கு முன் மெனுவின் அளவுகளையும் பதிவுத்தாளையும் பாதுகாத்து வைக்குமாறு எழுத்தில் கோருவது முக்கியமானது. ஏனெனில் எச்சரிக்கை ஏன் ஒலிக்கவில்லை என்ற கேள்விக்கான விடை அங்கேதான் இருக்கும். அது அழிந்துவிட்டால் பழி, பேச இயலாத நிலையில் இருக்கும் தொழிலாளியின் கவனக்குறைவின் மீது எளிதாக ஏற்றப்பட்டுவிடும்.