ஒழுகும் பாய்லரும் போர் தண்ணீரும்

திருநெல்வேலிக்கு வடக்கே தாழையூத்தில் இந்தியா சிமென்ட்ஸ் ஆலை 1949-இல் உற்பத்தியைத் தொடங்கியதற்குக் காரணம், அந்த மண்ணில் கிடக்கும் சுண்ணாம்புக்கல். அந்தக் கல்லில் இருக்கும் கால்சியம் கார்பனேட்தான், போர் தண்ணீரைக் காய்ச்சுகிற பாத்திரத்தின் அடியிலும் வெள்ளையாகப் பிடிக்கிறது. பாத்திரமென்றால் புளி போட்டுத் தேய்த்துவிடலாம். எஸ்பிரஸ்ஸோ மெஷினின் பாய்லருக்குள் பிடித்தால், ஒழுகத் தொடங்கும்போதுதான் தெரியவரும்.

தாமிரபரணி பொதிகைமலையின் கடினப் பாறைகள் மேல் இறங்கி வருவதால் அதில் கரைந்த கால்சியம் குறைவு. போர் தண்ணீரோ நிலத்தடியில் ஊறிக் கிடந்து சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. சுட்டதும் அதிலிருக்கும் பைகார்பனேட் சிதைகிறது. கரியமில வாயு வெளியேற, கார்பனேட் படிகிறது. மாற்று நீராதாரம் இல்லாத இடத்தில் குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 600 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தரநிர்ணயம். நம் வயிறு அதைத் தாங்கும், பாய்லர் தாங்காது.

மிலானைச் சேர்ந்த லூயிஜி பெட்சேரா 1901-இல் காப்புரிமை கோரிய மெஷின், நீராவியின் அழுத்தத்தாலேயே காபியை வடித்தது. 1961-இல் வந்த ஃபேமா இ-61 அந்த வேலையைப் பம்பிடம் கொடுத்தது. இன்று காபித்தூள் வழியே நீரைத் தள்ளுவது சுமார் 9 பார் அழுத்தம். (கல்யாண வீட்டில் புஸ்ஸென்று நுரை பொங்கத் தருகிற ‘எஸ்பிரஸ்ஸோ’ வேறு சங்கதி, அது நீராவி அடித்த பால்காபி.) இத்தனை அழுத்தத்தைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் ஒரு ரப்பர் வளையம்.

ஒழுகும் இடத்தில் ஈரம் தெரிய வேண்டுமென்பதில்லை. சூட்டில் நீர் அப்போதே ஆவியாகி உப்பை மட்டும் விட்டுச்செல்லும். ஆகவே ஈரத்தைத் தேடாமல் படிவைத் தேடுங்கள். பாய்லரின் இரு பாதிகளும் சேரும் விளிம்பு, ஹீட்டர் கம்பி நுழையும் இடம், மரையிட்ட இணைப்புகள், இவற்றில் எங்கோ வெள்ளைப் பொருக்கு இருக்கும். பச்சை படர்ந்திருந்தால் செம்போ பித்தளையோ அரிக்கிறது என்று பொருள். மெஷினைப் போட்டதும் வீட்டு ஈ.எல்.சி.பி. விழுகிறதென்றால் ஹீட்டர் உறைக்குள்ளேயே நீர் புகுந்திருக்கலாம். ஹீட்டரை மாற்றத்தான் வேண்டும்.

குக்கர் கேஸ்கெட் போலத்தான் இந்த வளையமும்: சூட்டில் இறுகி, தட்டையாகி, பிடிப்பை இழந்துவிடும். பிளக்கைக் கழற்றி, முழுக்க ஆறவிட்டு, நீராவிக் குழாயைத் திறந்து அழுத்தம் போனதை உறுதி செய்தபிறகே போல்டில் கைவையுங்கள். பழைய ரப்பரை ஸ்குரூடிரைவரால் சுரண்டினால் அலுமினியத்தில் கீறல் விழும். அதுவே அடுத்த ஒழுகலுக்கு வழி. புது வளையம் உணவுத்தர ஈ.பி.டி.எம். அல்லது சிலிக்கானாக இருக்கட்டும். வாகன உதிரிபாகக் கடையில் கிடைக்கும் நைட்ரைல் வளையம் எண்ணெய்க்கு ஏற்றது. நீராவிச் சூட்டில் சீக்கிரம் விறைத்துவிடும். போல்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். சேஃப்டி வால்வு கசிந்தால் அதை மாற்றுங்கள், அடைத்துவிடாதீர்கள். 100 டிகிரியில் ஒரு மில்லிலிட்டர் நீர் ஆவியானால் ஒன்றரை லிட்டருக்கு மேல் இடம் கேட்கும்.

சிட்ரிக் அமிலம் ஊற்றி உப்பை நீக்கிய மறுநாளே மெஷின் ஒழுகத் தொடங்குவதுண்டு. பழி அமிலத்தின் மேல் விழும். ஆனால் இணைப்பு முன்பே கெட்டிருந்தது, ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்த உப்பு கரைந்துவிட்டது, அவ்வளவுதான். அலுமினிய பாய்லரில் மட்டும் அமிலத்தை நெடுநேரம் ஊறவிடக் கூடாது, உலோகத்தையே தின்னும்.

போர் தண்ணீருக்குப் பயந்து ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறுபவர்களுக்கு வேறொரு சிக்கல். தானாக நீர் நிரப்பிக்கொள்ளும் மெஷின்களில் நீர்மட்டத்தை அறிவது பாய்லருக்குள் தொங்கும் ஒரு கம்பி. நீர் அதைத் தொட்டதும் மின்சாரம் பாயும், பம்ப் நிற்கும். உப்பே இல்லாத நீரில் மின்சாரம் சரியாகப் பாயாது. பாய்லர் காலி என்றெண்ணி பம்ப் ஓடிக்கொண்டேயிருக்க, நீராவிக் குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டும். பார்ப்பவர் ஒழுகல் என்று நினைத்து வளையத்தை மாற்றுவார். முதலில், வடிகட்டிய ஆற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் கலந்து ஊற்றிப் பாருங்கள். பம்ப் நேரத்துக்கு நின்றுவிட்டால் ஸ்பேனருக்கு வேலையில்லை.