ஐந்தாவது சனிக்கிழமை கூலியைக் கரைக்காதீர்கள்!

ராஜபாளையம்:

"வாரக்கூலி வாரத்துக்கே பத்தலே. இதிலே மிச்சம் எங்கே பிடிக்க?"

ராஜபாளையம், சத்திரப்பட்டி வட்டாரத்தில் சனிக்கிழமை கூலி வாங்கும் வீடுகளில் இதுதான் புலம்பல்.

மிச்சம் காலண்டரில் இருக்கிறது!

வருடத்துக்கு 52 வாரம். மாதத்துக்கு 4 வாரம் என்று கணக்குப் போட்டால் 48தான். பாக்கி 4 கூலி? 5 சனிக்கிழமை வரும் மாதங்களில் சத்தமில்லாமல் கரைந்துவிடுகிறது.

வாடகை, பால் பாக்கி, சீட்டு எல்லாவற்றையும் 4 கூலிக்குள் முடியுங்கள். ஐந்தாவது வாரத்துக்குத் தனி வாடகை கிடையாது. அடுப்புச் செலவு போக மீதியைத் தனியே எடுத்து வையுங்கள். ஜூனில் பள்ளிச் செலவு, அப்புறம் தீபாவளி. வட்டிக்காரர் வாசலில் நிற்க வேண்டாம்.

அய்யனார் கோவில் ஆற்றுத் தண்ணீரை மழையில் தேக்கித்தானே ராஜபாளையம் கோடையில் குடிக்கிறது? சாமி பெயரே நீர்காத்த அய்யனார். கூலியையும் கொஞ்சம் காத்து வைப்போமே!