காரில் ஏறுமுன் இதெல்லாம் தெரியுமா?

முழு ஆண்டுத் தேர்வு முடிந்தாயிற்று! "எப்போ கிளம்பறோம்?" என்று வாண்டுகள் நச்சரிக்க ஆரம்பித்தாயிற்று! ஊரைத் தேர்ந்தெடுத்து, டிக்கியில் பெட்டியை அடுக்கும் முன் இந்த ஆச்சரியங்களை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். பாதி வியப்பு, பாதி திட்டம்!

உலகின் முதல் நெடுந்தூரக் கார் பயணம் எங்கே போனது தெரியுமா?

அம்மா வீட்டுக்கு! 1888 ஆகஸ்ட், ஜெர்மனி. பள்ளி விடுமுறையில் இருந்த மகன்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு, மன்ஹைமிலிருந்து சுமார் 100 கி.மீ. தள்ளியிருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பிவிட்டார் பெர்தா பென்ஸ். காரை உருவாக்கிய கணவர் கார்ல் பென்ஸிடம்கூடச் சொல்லவில்லை! பெட்ரோல் பங்க் என்ற ஒன்றே இல்லாத காலம். வழியில் வீஸ்லாக் ஊர் மருந்துக்கடையில், கறை போக்க விற்ற திரவத்தை வாங்கி எரிபொருளாக ஊற்றினார். குழாய் அடைத்துக்கொண்டதா? தொப்பி ஊசியை உருவிக் குத்தினார். பிரேக் கட்டை தேய்ந்ததா? செருப்புத் தைப்பவரிடம் போய்த் தோல் பதித்துக்கொண்டார். மேடு வந்தால் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள்!

ஊட்டிக்குப் போகவும் பாஸ் வேண்டும், தெரியுமா?

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு! நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. ஆகவே முதலில் பாஸ், பிறகு ஓட்டல் அறை. இன்னொன்று: சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு மலையில் தடை. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே மலையில் 70 வளைவு!

ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள், திம்பத்துக்கு 27, வால்பாறைக்கு 40. கொல்லிமலைக்கோ 70! எண்ணிக்கொண்டே போனால் பிள்ளைகளுக்கு நேரம் போவதே தெரியாது. வால்பாறைப் பாதையின் 9-வது வளைவில் கட்டாயம் நிறுத்துங்கள். ஆழியாறு அணை மொத்தமும் காலடியில் விரியும். இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் சூடேறிப் பிடிப்பு குறைந்துவிடும். கியரைக் குறைத்து, இன்ஜினே வண்டியைப் பிடிக்கும்படி விடுங்கள். எதிரே ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி!

ஓட்டுபவருக்கு ஏன் வாந்தி வருவதில்லை?

காதின் உட்பகுதி "வண்டி வளைகிறது" என்கிறது. செல்போனைப் பார்க்கும் கண்ணோ "ஒன்றும் அசையவில்லை" என்கிறது. மூளை குழம்ப, வயிறு புரட்டுகிறது! சாலையையே பார்க்கும் டிரைவருக்கு அடுத்த வளைவு முன்கூட்டியே தெரிந்துவிடுவதால் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறார். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கும் இது அபூர்வம்; அதற்கு மேல் பன்னிரண்டு வயது வரைதான் பாடு அதிகம். மலையேறும்போது செல்போனை வாங்கி வைத்துவிட்டு, தூரத்து மலைமுகட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ், ஊட்டியில் என்ன ஆகும்?

பாக்கெட் புஸ்ஸென்று உப்பிவிடும்! மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. உள்ளே அடைபட்ட காற்று விரிகிறது. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் 100 டிகிரிக்குக் காத்திருக்காது. ஏறக்குறைய 93-லேயே கொதித்துவிடும். அறையில் சமைப்பதாக இருந்தால் குக்கரை மறக்காதீர்கள்!

டேங்க் எந்தப் பக்கம்?

வாடகைக் காரில் பங்குக்குள் நுழைந்ததும் வரும் குழப்பம் இது. பெட்ரோல் முள் பக்கத்தில் குட்டியாக ஓர் அம்புக்குறி தெரிகிறதா? அது காட்டும் பக்கம்தான் டேங்க் மூடி! 1986-ல் ஃபோர்டு நிறுவனப் பொறியாளர் ஜிம் மொய்லன் மழையில் பெட்ரோல் போடப்போய், வண்டியைத் தப்பான பக்கம் நிறுத்தி நனைந்தார். அன்று அவர் எழுதிக் கொடுத்த யோசனை இன்று உலகமெங்கும் ஓடுகிறது!

கட்டுச்சோற்றின் ரகசியம்!

புளியோதரை மதியம் தாண்டியும் கெடாமல் நிற்பது எப்படி? புளியின் அமிலம் கிருமிகளைப் பெருகவிடாது. தயிர்சாதம் புளிக்கக்கூடாதா? குழைய வடித்த சாதத்தில் பாலை நிறைய ஊற்றி, ஒரே ஒரு கரண்டி தயிர் கலந்து கட்டுங்கள். வண்டி ஓட ஓட உறைந்து, பசிக்கும் நேரத்துக்குப் பதமாக நிற்கும்!

காட்டுக்கும் கதவு உண்டு!

முதுமலையைத் தாண்டி மைசூர் போகிறீர்களா? பந்திப்பூர் காட்டுச்சாலை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறக்கும். யானைக்கும் மானுக்கும் சாலையைக் கடக்க விட்டுக்கொடுக்கும் நேரம் அது. மதிய டீயை நீட்டினால் ராத்திரி செக்போஸ்ட்டில்தான்!

கடைசியாக, இரண்டு முக்கியமானவை. வெயிலில் நிறுத்திய காருக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் சுமார் 10 டிகிரி எகிறும். "இதோ வந்துவிடுகிறேன்" என்று குழந்தையை உள்ளே விட்டுப் போகவே கூடாது. தேசிய நெடுஞ்சாலையில் வண்டி படுத்துவிட்டால் கூப்பிட வேண்டிய எண் 1033. இப்போதே போனில் பதிந்துவிட்டு, ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள்!