மீனுக்கு அமாவாசை தெரியுமா?

"இருட்டுக்குத்தான் மீன்பாடு, நிலா காலத்துல வலை விட்டா டீசல் காசுகூட தேறாது." சாளைக்குச் செவுள்வலை விடுகிறவர்கள் சொல்வது இது. காரணம் நீரோட்டமா, வெளிச்சமா?

அமாவாசை, பௌர்ணமி ரெண்டிலும் சூரியன், பூமி, நிலா ஒரே கோட்டில் வருவதால் ஓதம் பெருகும், நீரோட்டமும் வேகமெடுக்கும். அதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆக, வித்தியாசம் வெளிச்சத்தில்தான். இருட்டில் மேலே வரும் மிதவை உயிரிகள், நிலா காய்ந்தால் கொஞ்சம் ஆழத்திலேயே தங்கிவிடும். அவற்றைத் தின்னும் மீனும் கீழேயே நிற்கும். மேலே வந்தாலும் வலை கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அப்போ அமாவாசை வரை காத்திருக்கணுமா? வேண்டாம். நிலா தினமும் சுமார் 50 நிமிடம் தாமதமாக உதிக்கும். பௌர்ணமி கழிந்த ஐந்தாம் நாளே, முன்னிரவில் மூணு மணி நேரத்துக்கு மேல் இருட்டு கிடைக்கும். திதியோடு நிலா உதிக்கும் நேரத்தையும் பாருங்க.